உடைந்தால்தான் எழுதப்படும் குடும்பம்

திருச்சி மாவட்டத்தின் வையம்பட்டி வட்டாரத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தின் மூத்தவரிடம் முன்னோர் பெயர்களைக் கேட்டால் பாட்டன் பெயர் தயக்கமின்றி வரும். பூட்டன் பெயர் சில வீடுகளில் வரும்; சில வீடுகளில் குலதெய்வக் கோயில் பூசாரியைக் கேட்கச் சொல்வார்கள். அதற்கு மேலே கேட்டால் ‘அதெல்லாம் ஜமீன் காலம்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். குடும்பம் அதே ஊரில் இருநூறு ஆண்டுகளாக இருந்திருக்கலாம், அதே கிணற்றில் இறைத்திருக்கலாம். ஆனால் பெயர்கள் நான்காம் தலைமுறையில் நின்றுவிடுகின்றன.

அமெரிக்காவில் நிலைமை வேறு. 17ஆம் நூற்றாண்டில் கனெக்டிகட்டிலோ மாசசூசெட்ஸிலோ குடியேறிய ஒரு சாதாரண உழவனின் வழியைப் பத்துப் பன்னிரண்டு தலைமுறை தொடர்ந்து எழுத முடிகிறது. டொனால்ட் லைன்ஸ் ஜேகபஸ் 1922 முதல் 1932 வரை நியூ ஹேவன் நகரின் பழைய குடும்பங்களை அப்படித்தான் தொகுத்தார். அமெரிக்க வம்சாவளி ஆய்வை ஒழுங்கான துறையாக்கியவர்களில் அவர் முதன்மையானவர். அவரும் அவர் வழி வந்தவர்களும் பெரிதும் நம்பியவை உயிலும் நிலப் பத்திரமும்தான். உயிலில் மனைவி பெயர் இருக்கும், மகன்கள் பெயர் இருக்கும், கட்டிக்கொடுத்த மகள்கள் கணவன் வீட்டுப் பெயரோடு இருப்பார்கள். இறந்தவர் வீட்டுப் பானை சட்டி வரை அக்கம்பக்கத்தார் மதிப்பிட்டுப் பட்டியல் போட்டு நீதிமன்றத்தில் கொடுப்பார்கள். உயில் எழுதாமல் இறந்தால் நீதிமன்றமே பங்கு பிரிக்கும். மாசசூசெட்ஸில் 1641ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின்படி அப்போது மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு. ஆகவே பங்கைப் பார்த்தே மூத்தவன் யாரென்று சொல்லிவிடலாம்.

இந்த முறையைத் திருச்சி மாவட்டத்துக்குக் கொண்டுவந்து முதலில் உயிலைத் தேடத் தொடங்குகிறவர் வெறுங்கையோடு திரும்புவார். இங்கே கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குப் பிறந்தவுடனே பங்கு வந்துவிடுகிறது. 1956க்கு முன் அப்பன் செத்தால் எதுவும் கைமாறவில்லை. ஏற்கெனவே பங்காளியாக இருந்தவன் தொடர்ந்தான். அதற்குப் பத்திரம் எதற்கு, முத்திரைத் தாள் எதற்கு? ஒற்றுமையாக வாழ்ந்த குடும்பம் அரசாங்க எழுத்தில் தடமே இல்லாமல் மூன்று தலைமுறையைக் கடந்துவிடும். சண்டை போட்ட குடும்பம், கடன்பட்ட குடும்பம், வாரிசில்லாமல் போன குடும்பம் ஆகியவைதான் தாளில் ஏறின. தமிழ்நாட்டில் வம்சாவளி தேடுகிறவர் குடும்பம் எங்கே உடைந்தது என்பதைத்தான் முதலில் தேட வேண்டும் என்பது என் துணிபு.

உயில் இல்லாமற்போனதற்குச் சட்டமும் ஒரு காரணம். மதராஸ் மாகாணத்தின் 1829ஆம் ஆண்டு ஐந்தாம் ரெகுலேஷன், இந்துக்கள் எழுதும் உயில் இந்து தர்ம சாஸ்திரத்துக்கு ஒத்துப்போகும் அளவுக்குத்தான் செல்லும் என்றது. சாஸ்திரத்திலோ உயில் என்ற ஏற்பாடே கிடையாது. 1856இல் நாகலட்சுமி அம்மாள் வழக்கில் பிரிவி கவுன்சிலும், 1863இல் வள்ளிநாயகம் பிள்ளை வழக்கில் மதராஸ் உயர் நீதிமன்றமும் உயிலுக்கு இடங்கொடுத்த பிறகுதான் நிலைமை தெளிவானது. அப்போதும் தனியாகச் சம்பாதித்த சொத்து, பங்காளி இல்லாதவனின் சொத்து ஆகியவற்றுக்கே அது பயன்பட்டது. பிரியாத குடும்பத்தில் ஒருவன் தன் பங்கை உயிலால் கொடுக்க முடியாது, அவன் மூச்சு நிற்கும் கணத்தில் உயிலைவிட மற்றப் பங்காளிகளின் உரிமையே முந்துகிறது என்று 1874இல் அதே நீதிமன்றம் தீர்த்தது. இந்தத் தடை 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் வரும் வரை நீடித்தது.

உயில் எழுதினாலும் அதை நீதிமன்றத்தில் மெய்ப்பித்து புரொபேட் வாங்கும் கட்டாயம் மதராஸ் நகர எல்லைக்குள்தான் இருந்தது. 1870ஆம் ஆண்டு இந்து உயில்கள் சட்டம் திருச்சியை எட்டவில்லை. 1927 ஜனவரி 1க்கு முன்னால் நகரத்துக்கு வெளியே வாய்ச்சொல்லாகச் சொன்ன உயில்கூடச் செல்லும். இதனால் திருச்சி மாவட்ட நீதிமன்றத்தின் பழைய புரொபேட் கட்டுகளில் வெள்ளைக்காரர்களும் ஆங்கிலோ இந்தியர்களுமே மிகுந்திருப்பதில் வியப்பில்லை. கோட்டைப் படையில் இருந்த ஐரோப்பியரின் உயில்கள் மதராஸ் மேயர் கோர்ட்டிலும், 1798க்குப் பின் ரெக்கார்டர் கோர்ட்டிலும், 1801க்குப் பின் சுப்ரீம் கோர்ட்டிலும் ஏறின. கம்பெனி கணக்குக்காக லண்டனுக்கும் படி போனது. ஆக, திருச்சியில் இரண்டு ஆண்டு மட்டுமே இருந்து காய்ச்சலில் இறந்த ஒரு லெப்டினன்டின் நாற்காலியும் சட்டையும் எத்தனை என்று இன்றும் லண்டனில் பார்க்கலாம். அவன் குதிரைக்குப் புல் அறுத்துப் போட்டவனின் அப்பன் பெயரைக் கண்டுபிடிக்க முடியாது.

உயில் இல்லாத இடத்தில், குடும்பம் உடைந்ததைக் காட்டும் பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கு வருவோம். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒன்றாம் புத்தகம் அசையாச் சொத்துப் பத்திரங்களுக்கு, மூன்றாம் புத்தகம் உயில்களுக்கு, நான்காம் புத்தகம் மற்றவற்றுக்கு என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் பிரித்து வைத்திருக்கிறது. அதற்கு முந்தைய 1864, 1866, 1871, 1877 ஆண்டுச் சட்டங்களின் கீழும் பத்திரங்கள் பதிவாகியிருக்கின்றன. ஒன்றாம் புத்தகத்தை யாரும் பார்க்கலாம். மூன்றாம் புத்தகத்தில் உள்ள உயிலின் நகலை எழுதியவர் இறந்த பிறகு யார் மனுச் செய்தாலும் தர வேண்டும். வில்லங்கம் போட்டுப் பார்ப்பது என்றால் வீடு வாங்குகிறவர் செய்யும் வேலை என்றே நாம் நினைக்கிறோம். சர்வே எண் தெரிந்தால், பழைய காலத்துக்கும் சேர்த்து அலுவலகத்தில் கையால் தேடித் தரச் சொன்னால், ஒரு குடும்பத்தின் எலும்புக்கூடே வந்து நிற்கும்.

எடுத்துக்காட்டுக்கு, புஞ்சைக் காட்டில் 1920களில் எழுதப்பட்ட ஒரு பாகப்பிரிவினையைக் கற்பனை செய்துகொள்வோம். நான்கு பேர் எழுதிக்கொள்கிறார்கள். முதல் மூவர் அண்ணன் தம்பிகள். நாலாமவன் இறந்துபோன இன்னொரு அண்ணனின் மகன், மைனர், அவனுக்குக் கார்டியனாகத் தாயார் கைநாட்டு வைக்கிறாள். ‘நமது தகப்பனார் தேடிய சொத்து’, ‘நமது பாட்டனார் காலத்திலிருந்து அனுபவித்து வரும் பிதிரார்ஜிதம்’ என்று சொத்தை இரண்டாகப் பிரித்துச் சொல்கிறார்கள். அந்த இரண்டு வரியே இரண்டு தலைமுறை. பொதுக் கடன் இன்னாருக்கு இவ்வளவு, அதை இன்னார் கொடுக்க வேண்டியது. தாயாருக்கு ஆண்டுக்கு இவ்வளவு தானியம் ஜீவனாம்சம். கல்யாணமாகாத தங்கைக்கு இவ்வளவு ரூபாய் ஒதுக்கம். கிணற்றில் இறைவை முறை இத்தனை நாளுக்கு ஒரு தடவை. கடைசியில் சாட்சிகள், பத்திரம் எழுதியவர். சாட்சி போட்டவர்களில் ஒருவராவது மாமனாகவோ மைத்துனனாகவோ இருப்பார், இல்லாவிட்டால் மற்றவர்கள் விடமாட்டார்கள்.

பங்கின் பின்னம் இன்னும் பயனுள்ளது. கிளைவாரியாகப் பிரிப்பதுதான் மிதாட்சரம் என்ற தர்ம சாஸ்திர உரையின் முறை. ஒருவன் ஒரு கிணற்றில் 12இல் 1 பங்கை விற்கிறான் என்றால், அவனுக்கு மேலே மூன்று கிளையும் அவன் கிளையில் நான்கு பேரும் இருந்திருக்கலாம். அல்லது இது மாறியும் இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரன் அதே கிணற்றில் 3இல் 1 பங்கை விற்றிருந்தால் கணக்கு உறுதிப்படுகிறது: அவன் கிளையில் ஒற்றை ஆண்தான். பெயரே தெரியாத மூதாதையின் மகன்கள் எத்தனை பேர் என்று பின்னம் சொல்லிவிடுகிறது. வாய்மொழியாகப் பிரிந்த குடும்பங்களில் பத்திரம் இருக்காது, பெட்டிக்கடியில் ஒரு கூறு சீட்டு இருந்தால் உண்டு. ஆனால் கிணற்றுப் பங்கு மட்டும் யாராவது விற்கும்போது வெளியே வந்தே தீரும்.

எல்லை விவரம் படிக்கத் தெரியாமல் வழி தவறுகிறவர்கள் அதிகம். ‘இன்னார் நிலத்துக்குத் தெற்கு’ என்றால் அந்த இன்னார் வடக்கே இருக்கிறார் என்று பொருள். ‘தெற்கில் இன்னார் நிலம்’ என்பது வேறு. இரண்டு நடையும் ஒரே அலுவலகத்தில், சில சமயம் ஒரே எழுத்தரின் கையில் புழங்கும். தலைகீழாகப் படித்தால் பங்காளி அந்நியனாகிவிடுவான். சரியாகப் படித்தால் நான்கு எல்லையில் இரண்டு எல்லை பங்காளிகளாகவே இருப்பதைப் பார்க்கலாம். ஒரே பாட்டன் நிலம் துண்டான கதையைச் செக்குபந்தியே சொல்கிறது. அமெரிக்க ஆய்வாளர்களும் எல்லைக்காரர், சாட்சி, கூட்டாளி ஆகியோரைச் சேர்த்தே தேட வேண்டும் என்பார்கள். இங்கே அந்த அறிவுரைக்கு இன்னும் கனம் அதிகம், ஏனென்றால் நமக்குக் குடும்பப் பெயர் இல்லை.

பெயர்தான் பெரிய இடர். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பதால் ஒன்றுவிட்ட தலைமுறையில் அதே பெயரும் அதே தகப்பன் பெயரும் திரும்ப வரும். அண்ணன் தம்பி மூவரும் தங்கள் மூத்த மகனுக்கு ஒரே பாட்டன் பெயரை வைத்தால், ஒரே ஊரில் ஒரே வயதில் ஒரே பெயரில் மூவர். அவர்களைப் பெரியவன், சின்னவன், கிணற்றடி வீட்டுக்காரன் என்று ஊர் பிரித்தது. கணக்குப்பிள்ளையும் சில சமயம் பட்டாவில் அப்படியே எழுதினார். ஆண்டைக் குறிப்பதிலும் குழப்பம் உண்டு. பத்திரத்தில் ‘ரக்தாட்சி வருஷம்’ என்று மட்டும் இருந்தால் அது 1864 ஆகவும் இருக்கலாம், 1924 ஆகவும் இருக்கலாம். பக்கத்தில் பசலி எண் இருந்தால் தப்பித்தோம். பசலியோடு 590ஐக் கூட்டினால் அந்த ஆண்டு ஜூலையில் தொடங்கும் கணக்காண்டு வரும். பசலி 1274 என்றால் 1864 ஜூலை முதல் 1865 ஜூன் வரை.

இனி நிலப் பதிவேடுகள். காவிரிக் கரையில் ஸ்ரீரங்கமும் மேட்டு நிலத்தில் வையம்பட்டியும் ஒரே மாவட்டத்தில் இருந்தாலும் பழைய தாளைப் பொறுத்தவரை இரண்டும் வேறு நாடுகள்.

ஸ்ரீரங்கத்தில் நிலம் கல்லிலும் செம்பிலும் ஏறியது. கோயில் கல்வெட்டுகள் மட்டுமே தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதி 24 முழுவதையும் நிரப்புகின்றன. விஜயநகர மன்னர் இரண்டாம் தேவராயர் காலத்தில் உத்தமநம்பி குடும்பத்துக்குக் கிடைத்த செல்வாக்கு செப்பேடுகளிலும் கல்வெட்டுகளிலும் பதிவாகியிருக்கிறது. அந்தக் குடும்பம் தன் வழியைப் பெரியாழ்வார் வரை கொண்டுபோகிறது. பிற்பகுதியை ஆவணத்தால் ஒத்துப்பார்க்கலாம், முற்பகுதி நம்பிக்கை. அப்படிப்பட்ட பெரிய குடும்பம் இல்லாவிட்டாலும் சிறிய மானியக்காரர்களுக்கு ஓர் அருமையான பதிவேடு உண்டு. இனாம் நிலங்களை 1802ஆம் ஆண்டு 31ஆம் ரெகுலேஷன்படி ஒருமுறை பதிந்தார்கள். 1858இல் டெய்லர் தலைமையில் இனாம் கமிஷன் வந்து மறுபடி ஒவ்வொரு மானியமாக விசாரித்தது. அதன் விளைவான பதிவேட்டில் முதலில் மானியம் பெற்றவர் யார், முந்தைய கணக்கில் யார் பெயர் இருந்தது, இப்போது அனுபவிப்பவர் யார், அவர் வயது என்ன, முன்னவருக்கு என்ன உறவு என்பதெல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். 1860களில் 60 வயது என்று எழுதியிருக்கும் ஒருவரிடமிருந்து 1802 கணக்கில் இருந்த அவர் பாட்டன் வரை ஒரே பக்கத்தில் ஏறிவிடலாம். இதை வக்கீல்கள் மூலப்பத்திரம் தேடப் பயன்படுத்துகிறார்கள். வம்சாவளிக்குப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு என்பதே என் வருத்தம்.

இனாம் நிலம் அர்ச்சகருக்கும் பிராமண அக்கிரகாரத்துக்கும் மட்டுமே என்று நினைக்கக் கூடாது. கிராம ஊழியம் செய்த வெட்டியான், வண்ணார், நாவிதர், தச்சர், கொல்லர், சிறு கோயில் பூசாரி ஆகியோருக்கும் மானியங்கள் இருந்தன. குலதெய்வக் கோயில் பூசாரி வீட்டை ஊரார் காட்டிவிடுவதில் காரணம் இருக்கிறது. அந்த வீட்டு முன்னோர் பெயர் அரசாங்கக் கணக்கில் இருப்பதற்கு வாய்ப்பு அதிகம்.

வையம்பட்டிப் பக்கம் மருங்காபுரி, கடவூர் ஜமீன்களின் வட்டாரம். இங்கே கதை கடினமாகிறது. ரயத்துவாரி ஊரில் சர்க்கார் நேரடியாகக் குடியானவனிடம் தீர்வை வாங்கியதால் அவன் பெயர் சர்க்கார் கணக்கில் ஏறியது. 1860களில் திருச்சி மாவட்டத்தில் நடந்த சர்வேயும் செட்டில்மெண்டும் ஒவ்வொரு புலத்துக்கும் எண் கொடுத்துப் பட்டாதாரர் பெயரை எழுதின. ஆங்கிலமும் தமிழுமாக எழுதிய அந்த டிக்லாட் பதிவேடு, பின்னர் வந்த மறு செட்டில்மெண்ட் பதிவேடு, ஆண்டுதோறும் எழுதிய சிட்டா, அடங்கல் எல்லாம் சேர்ந்து ஒரு சங்கிலி. ஜமீன் ஊரில் சர்க்காருக்குத் தெரிந்தவர் ஜமீன்தார் ஒருவர்தான். குடியானவன் பெயர் ஜமீன் கச்சேரிக் கணக்கில் இருந்தது. அந்தக் கணக்கு ஜமீன்தாரின் சொந்தத் தாள். அதைக் காக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை.

1908ஆம் ஆண்டு மதராஸ் எஸ்டேட் நிலச் சட்டம் ஜமீன் குடியானவனுக்குக் குடிவார உரிமையை உறுதிசெய்தது. அதன் கீழ் பட்டாவும் முச்சலிக்காவும் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது, வாரப் பாக்கிக்கு ரெவின்யூ கோர்ட்டில் வழக்குப் போட வேண்டியிருந்தது. வழக்கில் சிக்கிய குடியானவன் தாளில் ஏறினான். ஒழுங்காக வாரம் அளந்தவன் ஏறவில்லை. பிறகு 1948ஆம் ஆண்டு 26ஆம் சட்டம் ஜமீன்களை ஒழித்து ரயத்துவாரியாக மாற்றியது. செட்டில்மெண்ட் தாசில்தார்கள் ஊர் ஊராக வந்து யார் எந்த நிலத்தில் எத்தனை காலமாக என்று விசாரித்துப் பட்டா கொடுத்தார்கள். வையம்பட்டிப் பக்கத்துப் பல குடும்பங்களுக்கு முதல் சர்க்கார் எழுத்து 1950களின் இந்த எஸ்.எல்.ஆர் எனும் செட்டில்மெண்ட் நிலப் பதிவேடுதான். மூத்தவர்கள் ‘அதெல்லாம் ஜமீன் காலம்’ என்று நிறுத்துவதை ஞாபக மறதி என்று தள்ளிவிட முடியாது. அவர்கள் நிறுத்தும் இடத்தில்தான் சர்க்கார் தாளும் நிற்கிறது.

இதற்கு மேல் தேட வேண்டுமானால் நிர்வாக எல்லைகளின் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். வையம்பட்டி இன்று மணப்பாறை வட்டம், திருச்சி மாவட்டம். மருங்காபுரி வட்டாரம் பழைய கணக்கில் குளித்தலைத் தாலுகா. குளித்தலையோ 1995இல் உருவான கரூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. ஒரே ஊரின் தாள் எழும்பூர் ஆவணக் காப்பகம், திருச்சி, கரூர், குளித்தலை, மணப்பாறை என்று சிதறிக் கிடக்க இதுவே போதும். இது போதாதென்று 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கணக்குப்பிள்ளை, கிராம முன்சீப் பதவிகளை ஒழித்தது. நிர்வாகத்துக்கு அது தேவையான மாற்றம். நாலைந்து தலைமுறையாக ஊர்க் கணக்கை ஒரே குடும்பம் பூட்டிவைத்திருந்ததில் அநியாயம் நிறைய. ஆனால் எந்தப் புலம் யார் வழியில் வந்தது என்று நோட்டைப் பார்க்காமலே சொல்லக்கூடியவர்கள் அத்தோடு வெளியே போனார்கள். அதே காலத்தில் 1979இல் தொடங்கிய யு.டி.ஆர் எனும் நிலப் பதிவேடு புதுப்பிப்புத் திட்டத்தில் பட்டாக்கள் புதுப்பிக்கப்பட்டபோது ஏறிய தப்புகளை இன்றுவரை குடும்பங்கள் திருத்திக்கொண்டிருக்கின்றன. யு.டி.ஆர் பெயரை மட்டும் வைத்து வம்சம் எழுதுவது மணலில் வீடு கட்டுகிற வேலை.

நீதிமன்றத்துக்கு வருவோம், அங்கேதான் ஆழமான மரம் கிடைக்கும். முதலாவது, கடன் வழக்கு. தகப்பன் பட்ட கடனை மகன்கள் தீர்க்க வேண்டும் என்பது 2005 வரை நீதிமன்றம் ஏற்ற சாஸ்திரக் கடமை. எனவே கடன் கொடுத்தவர் தகப்பன், மகன்கள், பேரன்கள் அத்தனை பேரையும் பிரதிவாதியாகச் சேர்ப்பார். மைனருக்கு வயதும் கார்டியன் பெயரும் எழுத வேண்டும். ஆகச் சில பத்து ரூபாய்க் கடனுக்காக மூன்று தலைமுறைப் பட்டியல் வயதோடு கிடைக்கிறது. இரண்டாவது, விதவை இறந்த பிறகு வரும் வழக்கு. பிள்ளையில்லாமல் இறந்தவன் சொத்தை அவன் விதவை ஆயுள்வரை அனுபவிப்பாள். அவள் கண்மூடியதும் புருஷனின் மிக நெருங்கிய ஆண் தாயாதிக்குப் போகும். யார் மிக நெருங்கியவர்? சபிண்டர்கள் ஏழு தலைமுறை வரை, சமானோதகர்கள் பதினான்கு வரை. வாதி தன் வழியும் இறந்தவன் வழியும் எந்த மூதாதையில் சேர்கின்றன என்று மெய்ப்பிக்க வேண்டும். சாதாரண உழவர் குடும்பங்களின் ஏழு தலைமுறை மரங்கள் அந்தப் பிராதுகளில்தான் இருக்கின்றன. 1956க்குப் பிறகு விதவைக்கு முழு உரிமை வந்ததால் இந்த வகை வழக்குகள் வற்றிவிட்டன. நியாயம் வென்றது, வம்சாவளி ஆய்வுக்கு ஒரு ஊற்று அடைபட்டது.

ஜமீன்களுக்கு இதே வழக்கு பெரிய அளவில் நடந்தது. மாவட்டத்தின் கிழக்கே உடையார்பாளையம் ஜமீனின் வாரிசுரிமை வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1905இல் முடிந்தது. அச்சிட்ட தீர்ப்புத் தொகுதியில் அந்த வழக்கைப் படிக்கலாம். ஆனால் சின்ன வழக்குகள் அச்சேறவில்லை. டிக்ரியும் தீர்ப்பும் வைக்கப்படும், மற்ற காகிதங்கள் கெடு முடிந்ததும் அழிக்கப்படும். பிராதோடு இணைத்த வம்சாவளி அழிந்து, தீர்ப்பில் அதைச் சுருக்கிச் சொன்ன ஒரு பத்தி மட்டும் மிஞ்சும்.

திருச்சி நீதிமன்றத்தின் அந்தக் காகிதக் கட்டுகளைக் காத்தவர்களில் நமக்கு நன்கு தெரிந்த ஒருவர் உண்டு: மாயூரம் வேதநாயகம் பிள்ளை. திருச்சிக்கு அருகே குளத்தூரில் 1826இல் பிறந்தவர், இங்கே ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் வேலை பார்த்த பிறகே முன்சீப் ஆனார். ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளிவந்த 1879க்குப் பதினேழு ஆண்டு முன்னால், 1862இல், சதர் கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தமிழில் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று சுருக்கிக் கொடுத்தார். தமிழின் முதல் நாவலாசிரியர் பங்காளிச் சண்டைக் காகிதங்களுக்கு நடுவே வளர்ந்தவர் என்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

வழக்கு மரத்தை அப்படியே நம்பலாமா? கூடாது. சொத்துக்காக வரைந்த மரம் அது. 2024 வரை நடப்பில் இருந்த 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம் இதற்கு நல்ல அளவுகோல் தருகிறது. இறந்துபோனவர் உறவுமுறை பற்றிச் சொன்னது, தகராறு கிளம்புவதற்கு முன்னால் சொன்னதாக இருந்தால்தான் சாட்சியமாகும். முப்பது ஆண்டுப் பழைய பத்திரம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து வந்தால் மெய் என்று கொள்ளலாம். வம்சாவளி ஆய்வாளர் இந்த இரண்டையும் மனத்தில் வைத்திருந்தால் போதும். அமெரிக்காவில் குஸ்டாவ் ஆஞ்சூ என்பவர் பணக்காரக் குடும்பங்களுக்கு இல்லாத உயில்களை உண்டாக்கி வம்சாவளி விற்றார். 1942இல் அவர் இறந்த பிறகும் அந்தப் பொய்கள் புத்தகங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. நம் ஊரில் அண்மைக் காலமாக அச்சாகும் சாதி வரலாறுகளில் செப்பேடு என்று சொன்னவுடன் கைகூப்பிவிடும் பழக்கத்தைப் பார்க்கும்போது ஆஞ்சூவுக்கு இங்கேயும் நல்ல வியாபாரம் நடந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இன்னொரு எச்சரிக்கை. நீதிமன்றம் எல்லாச் சாதியாரையும் மிதாட்சரத்தின் கீழ் கொண்டுவந்தது. ஊராளிக் கவுண்டரும் முத்தரையரும் தொட்டிய நாயக்கரும் மிதாட்சரத்தை எழுதிய விக்ஞானேஸ்வரரைப் படித்துப் பாகம் பிரிக்கவில்லை. மதுரை மாவட்டத்தைப் பற்றி எழுதிய ஜே. எச். நெல்சன், தாமே நீதிபதியாக இருந்துகொண்டு, 1877இல் இதைக் கடுமையாகச் சாடினார். ஆகவே பிராதில் காணும் உறவு, வக்கீல் சட்டத்துக்கு ஏற்பச் செதுக்கிய உறவாக இருக்கலாம். ஊர் வழக்கப்படி பங்காளி யார் என்பதைச் சாவுத் தீட்டும் குலதெய்வக் கோயில் தலைக்கட்டு வரியும் சொல்லும். திருவிழா வரிப் பட்டியலில் ஒவ்வொரு தலைக்கட்டாகப் பெயர் இருக்கும். பழைய நோட்டுகளை வைத்திருக்கும் கோயில்கள் இருக்கின்றன. அவற்றைக் காட்டச் சொல்லிக் கேட்பதற்குக் கட்டணம் கிடையாது, ஆனால் நாம் எந்த வகையறா என்று முதலில் சொல்ல வேண்டும்.

நிலம் இல்லாதவர்? மேலே சொன்ன எந்தப் பதிவேட்டிலும் அவர்கள் இல்லை, அல்லது சொத்தாக இருக்கிறார்கள். அமெரிக்கத் தெற்கில் அடிமைகளாக இருந்தவர்களின் பெயர் எஜமானன் இறந்தபின் போட்ட சொத்துப் பட்டியலில், மாட்டுக்கும் கலப்பைக்கும் நடுவே, விலையோடு இருக்கும். அவர்களின் சந்ததியார் இன்று அந்தப் பட்டியலில்தான் முன்னோரைத் தேடுகிறார்கள். திருச்சியிலும் மனிதர்கள் சொத்தாகக் கைமாறினார்கள். 1819இல் வருவாய் வாரியம் அடிமைமுறை பற்றிக் கேட்டபோது திருச்சி கலெக்டர் லஷிங்டன், நஞ்சை ஊர்களில் பள்ளர்கள் நிலத்தோடு சேர்த்து விற்கப்படுவதை எழுதி அனுப்பினார். 1843ஆம் ஆண்டு ஐந்தாம் சட்டத்துக்குப் பிறகு அப்படி விற்றால் நீதிமன்றம் ஏற்காது. அதனால் பத்திரத்திலிருந்து அவர்கள் பெயர் மறைந்தது, பண்ணையில் அவர்கள் இருந்தார்கள்.

அவர்களில் பலரின் பெயரும் தகப்பன் பெயரும் ஊரும் முறையாக எழுதப்பட்ட ஓர் இடம் கடலோரம்தான். 1860 நவம்பர் 16ஆம் தேதி மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் சேர்ந்ததிலிருந்து 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனவர்கள் சுமார் 1,52,000 பேர். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பில் உள்ள அடையாளம் வரை உண்டு. கங்காணி அழைத்துப்போன இலங்கைக்கு இந்த அளவு விவரம் கிடையாது. நேட்டால் தமிழர் தம் முன்னோர் ஊரைத் தேடித் திருச்சி மாவட்டத்துக்கு வரும்போது அவர்கள் கையில் இருக்கும் தாள் ஊரில் இருப்பவர்களிடம் இல்லை. ஆனால் ஊர்ப்பெயரை வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் ‘பட்டி’ என்று முடியும் நூறு ஊரில் எது என்று கண்டுபிடிக்க இங்கே உள்ள தாலுகாப் பட்டியல் தேவைப்படுகிறது. இரண்டு பக்கத்தையும் ஒருவர் கையில் சேர்த்தால் பலன் இருக்கும்.

பெண்களின் தடத்தைத் தேடுவதும் சிக்கல். மேலே சொன்ன பாகப்பிரிவினையில் தாய்க்கு ஜீவனாம்சமும் தங்கைக்குக் கல்யாணச் செலவும் இருந்தன. கட்டிக்கொடுத்த அக்கா எங்கேயும் இல்லை. அவளுக்குக் கொடுக்க வேண்டியது எதுவும் இல்லாததால் அவள் பெயரை எழுத வேண்டிய தேவையும் இல்லை. 1956 சட்டத்தில் மகளுக்குத் தகப்பனின் பங்கில் உரிமை வந்தது. 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டுத் திருத்தம், அந்தத் தேதிக்கு முன்னே கல்யாணமாகாத மகளையும் மகனைப்போல் பங்காளியாக்கியது. 2005இல் நாடு முழுவதும் மகளுக்கு அந்த உரிமை கிடைத்தது. உரிமை கொடுத்த சட்டத்தின் கூடவே அதைத் திருப்பி வாங்கும் விடுதலைப் பத்திரமும் பெருகியது. அண்ணன் தம்பிக்கு எழுதிக் கொடுக்கும் சகோதரிகள் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போடுகிறார்கள். பெரும்பாலும் ஒப்புக்கு ஒரு தொகைதான். எனக்கு அந்தப் பத்திரங்களைப் படிக்கக் கசப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் வையம்பட்டியிலோ மணப்பாறையிலோ பிறந்த பெண் புருஷன் பெயரோடும் வாழ்க்கைப்பட்ட ஊரோடும் பிறந்த வீட்டுத் தாளில் ஏறுவது பெரும்பாலும் அங்கேதான். அத்தை வழியைத் தேடுகிறவர்கள் 1989க்குப் பிந்தைய ஒன்றாம் புத்தகத்தில் விடுதலைப் பத்திரத்திலிருந்து தொடங்கலாம்.